நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசை

“...ஒரு சொட்டுத் தண்ணியும் ஒருத்தரும் குடுக்கப்படாது! விழுங்கினாத்தான் மருந்து வேல செய்யும் எண்டு ஆரு சொன்ன உங்களுக்கு? வயித்துக்கு முன்னால வாய் எண்டு ஒண்டு இரிக்கிறது தெரியாதா?”

கொட்டியாரக் குடாவின் நடுவில், மூதூருக்குப் போகும் பிற்பகல் லாஞ்சில், இப்படிக் கத்தியவர் ஜெட்டியில் வெற்றிலை விற்கும் பெண். அவருக்கு முன்னால் எஞ்சின் பெட்டியில் முதுகைச் சாய்த்து, நெஞ்சில் உள்ளங்கையை விரித்து வைத்தபடி இருந்தவர் அவருடைய கணவர். அந்த லாஞ்சின் சுக்கானைப் பிடிப்பவர். சுற்றிவர ஆட்கள். ஒருவர் கையில் தண்ணீர்ப் போத்தல், ஒருவர் கையில் வெட்டிய செவ்விளநீர், இன்னொருவர் கையில் சுடுதண்ணிப் போத்தலின் மூடி நிறையப் பால் விடாத பிளேன்டி. அந்த மூன்றாவது ஆள் நான்தான். திருகோணமலை டவுனில் மருந்துக் கடையில் நிற்கிறவன். அந்த லாஞ்சில் இருந்தவர்களில் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டியவன் ஒருவன் என்றால் அதுவும் நான்தான்.

அந்தப் பெண் அடுத்ததாக என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். அதற்கு முதல், அது அவருக்கு எப்படித் தெரிந்திருந்தது என்று சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. வெளியிலிருந்து வரும் சாமான் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. எங்கள் கடை துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருந்தது. நான் படித்து அந்த வேலைக்கு வந்தவன் அல்ல. பெட்டி உடைத்து அடுக்க வந்தேன். போத்தல்களோடு மடித்து வைத்து வரும் தாள்களை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். டாக்குத்தர்மாரிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டினேன். அப்படியே மெல்ல மெல்லக் கவுண்டருக்கு வந்து சேர்ந்தேன். முப்பது வயது தாண்டியும் மருந்தைவிட எனக்கு ருசித்தது அதை வாங்க வருகிறவர்களின் கதைதான். தங்கள் நோவை ஆட்கள் சொல்கிற விதத்தை, வெறும் குளிசைப் பெட்டிகளைப் பிரித்து அவற்றின் உட்பக்கத்தில் எழுதி வைப்பேன். நெஞ்சு நோவுக்கு மட்டும் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய அட்டை இருந்தது. “உள்ளுக்க ஆரோ கதிரை இழுக்கிறாங்கள்” என்றார் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கிற ஒருவர். “நெஞ்சில நங்கூரத்தைப் போட்டவங்கள், எடுக்க மறந்திட்டாங்கள்” என்றவர் துறைமுகத்தில் வேலை செய்தவர். இறக்கக்கண்டியிலிருந்து பஸ்ஸில் வரும் மீன்காரர் ஒருவர், “வலை கல்லில மாட்டினாப்போல தம்பி, இழுக்கவும் ஏலாது, விடவும் ஏலாது” என்றார். புத்தகத்தில் ஒரே நோய். வாய்க்கு வாய் அது வேறு.

லாஞ்சுக்காரர் முதல் நாள் டாக்குத்தர் எழுதிய துண்டோடு வந்து நின்றபோது, என்ன செய்கிறது என்று கேட்டேன். “ஒண்டுமில்ல, சும்மா ஒரு பிடிப்பு” என்றார். அவரைக் காக்கா என்றும் அவர் மனைவியை ராத்தா என்றும்தான் டவுன் முழுக்கக் கூப்பிடும். முஸ்லிம் ஆட்களில் அண்ணனுக்கும் அக்காவுக்கும் அதுதான் சொல். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். காக்கா கட்டையான, அகன்ற மனிதர். கன்னத்தில் எப்போதும் ஒரு வாய் வெற்றிலை அடங்கியிருக்கும். குடாவுக்கு நடுவில் எந்த இடத்தில் காற்று திரும்பும், எந்த இடத்தில் நீரோட்டம் இழுக்கும் என்பதெல்லாம் அவருக்கு வீட்டுக் குசினியில் அடுப்பு இருக்கும் இடம் போல.

துண்டில் எழுதியிருந்த மருந்து ஒரு சின்னக் கபிலநிறக் கண்ணாடிப் போத்தலில் வருகிற மாத்திரை. ஒரு குளிசையைக் காட்டச் சொன்னார். மூடியில் கொட்டிக் காட்டினேன்.

“இதுவா? தம்பி, இத விடப் பெரிசா எங்கட வீட்டில எறும்பு இரிக்கி.”

“நோ வந்த உடன இதை நாக்குக்குக் கீழ வையுங்கோ காக்கா. தானாக் கரையும். விழுங்கக் கூடாது.”

“விழுங்காட்டி நெஞ்சுக்கு எப்பிடிப் போற?”

“வாயாலேயே போகும்.”

“எல்லாம் வாயாலதான் போற. சோறும் வாயாலதான் போற.”

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு என் விளக்கமும் முடிந்தது. “ஓம் ஓம்” என்று போத்தலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அந்த ‘ஓம் ஓம்’ எனக்குப் பழக்கமானது. சொன்னதைச் செய்ய மாட்டேன், ஆனால் உன்னைக் கோபிக்கவும் மாட்டேன் என்பது அதற்கு அர்த்தம்.

பத்து நாளில் திரும்பி வந்தார். குளிசை தோற்றுவிட்டது என்றார். கேட்டுப் பார்த்தால், நோ வந்தபோதெல்லாம் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, பிளேன்டியால் உள்ளே தள்ளியிருக்கிறார். குளிசை என்றால் அப்படித்தானே? காய்ச்சலுக்கும் அப்படித்தான், தலையிடிக்கும் அப்படித்தான். நான் தாளில் படித்ததை எல்லாம் எடுத்து விட்டேன். வாயின் உட்பக்கத் தோல் மிக மெல்லியது, அதற்குக் கீழே இரத்தக் குழாய்கள் நெருக்கமாய்ப் பின்னிக் கிடக்கின்றன, கரைந்த மருந்து அந்தத் தோலை ஊடுருவி நேரே இரத்தத்தில் கலக்கிறது... கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்.

“தம்பி, நீங்க கதைக்கிறது ரேடியோச் செய்தி மாதிரி நல்லாத்தான் இரிக்கி. என்ட நெஞ்சுக்குத்தான் கேக்குதில்ல.”

அன்றைக்கு எனக்குப் பயம் பிடித்தது. மருந்து கையில் இருக்கிறது, அதைச் சாப்பிட்டும் மனிதர் சாகப் போகிறார் என்று பட்டது. ஒருவருடைய நோயை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது கடை முதலாளியின் சட்டம். சட்டத்தைக் கவுண்டரில் வைத்துவிட்டு, மூதூர்க் கடைகளுக்கான மருந்துப் பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு ஜெட்டிக்குப் போனேன்.

ராத்தாவின் இடம் ஜெட்டியின் தலைப்பில், நிழல் விழும் பக்கத்தில். ஒரு பெரிய ஓலைக் கூடை. அதற்குள் ஈரச் சாக்கு. சாக்குக்குள் வெற்றிலை. பக்கத்தில் சீவிய பாக்கு, சுண்ணாம்புச் சிரட்டை, புகையிலைத் துண்டு. காலையில் முதல் லாஞ்சில் மூதூரிலிருந்து வந்து, பிற்பகல் லாஞ்சில் கணவரோடு திரும்பிப் போவார். வாங்க வருகிறவரின் முகத்தைப் பார்த்தே எவ்வளவு சுண்ணாம்பு, எவ்வளவு புகையிலை என்று முடிவு செய்கிறவர். “உங்களுக்கு இவ்வளவு சுண்ணாம்பு காணும். ஏறினாத் தாங்க மாட்டீங்க” என்று ஒரு பெரிய உத்தியோகத்தரிடமே சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அவரும் பள்ளிப் பிள்ளை போலத் தலையாட்டினார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

“வாய்வு எண்டவர் எனக்கிட்ட. வாய்வுக்கு ஏன் தம்பி மனுசன் ரெண்டு படிக்கு ஒருக்கா நிண்டு கடலப் பாக்கிற? இத்தின வருசம் பாக்காத கடலா?”

பிறகு குளிசையைப் பற்றிச் சொன்னேன். நாக்குக்குக் கீழே வைக்க வேண்டும், விழுங்கினால் பலன் இல்லை. இதுவரை ஒருவரும் நம்பாததை இவரும் நம்பப் போவதில்லை என்ற எண்ணத்தோடு, தாளில் இருந்ததைத் திரும்பவும் தொடங்கினேன். பாதியில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“நீங்க எனக்கிட்ட முதல் முதல் புகையில போட்ட நாள் ஞாபகம் இரிக்கா?”

மறக்க முடியுமா? இரண்டு வருடத்துக்கு முதல், கூட வந்தவர்களுக்கு முன்னால் வீரம் காட்டி, புகையிலை வைத்து ஒரு வாய் வாங்கிப் போட்டேன். ஐந்து நிமிடம் இராது. உடம்பெல்லாம் வேர்த்து, ஜெட்டி லாஞ்சு போல ஆட, லாஞ்சு கட்டும் கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தேன்.

“அண்டைக்கு ஒரு சொட்டு விழுங்கினீங்களா?”

“இல்லை ராத்தா. எல்லாத்தையும் கடலுக்குத்தான் துப்பினனான்.”

“அப்ப எதால ஏறின?”

என் நாக்கு தன்பாட்டில் கன்னத்தின் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்தது.

“ஆருமே புகையில விழுங்கிற இல்ல தம்பி. கன்னத்தில அடக்கிற, துப்புற. ஆனா அது மண்டைக்குப் போய்த்தான் இரிக்கி. எதால போற? கன்னத்தாலதான். சுண்ணாம்பு கூடினாக் கெதியாப் போகும், குறைஞ்சாச் சுணங்கிப் போகும். இத நான் ஒரு நாளைக்கு நூறு வாயில பாக்கிறன். உங்கட கடதாசியில இத எழுத இவ்வளவு பெரிய சொல்லா வேணும்?”

அதோடு விடவில்லை. பக்கத்தில் ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து, முக்காட்டை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து நாக்கை மேலே மடித்துக் காட்டினார். நாக்கின் அடியில் இரண்டு நீல நரம்பு, தோலுக்கு வெளியிலேயே கிடப்பது போல.

“இஞ்ச பாருங்க. கன்னத்துக்குச் சுவர் இரிக்கி. இந்த இடத்துக்குச் சுவரும் இல்ல, கதவும் இல்ல. இதில வெச்சா ஏன் போகாது?”

எத்தனை டாக்குத்தர்மாரோடு கதைத்திருக்கிறேன்! என் நாக்கின் அடியை நான் கண்ணாடியில் பார்த்தது அன்று இரவு வீட்டுக்குப் போய்த்தான்.

இரண்டு நாள் கழித்து, மருந்து எழுதிய டாக்குத்தர் கடைக்கு வந்தபோது சுண்ணாம்பு விஷயத்தைக் கேட்டேன். மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “ஆர் சொன்னது? சரியான கதை. சுண்ணாம்பு சேர்ந்தால் புகையிலையிலிருக்கிற சத்து தோலுக்குள்ளால நுழையத் தக்கதா மாறும்” என்றார். விழுங்கினால் ஏன் பலன் இல்லை என்றும் கேட்டேன். “துறைமுகத்தில இருந்துகொண்டு இதைக் கேக்கிறீரா? வயிற்றால போற சாமான் எல்லாம் முதலில ஈரல் எண்ட சுங்கத்துக்குப் போக வேணும். இந்த மருந்தை அங்க கண்டால் விட மாட்டாங்கள், உடைச்சுப் போடுவாங்கள். நாக்குக்குக் கீழ வைச்சால் சுங்கத்துக்குத் தெரியாமல் கரை சேர்ந்திடும்” என்றார். அதை அப்படியே கொண்டுபோய் ராத்தாவிடம் ஒப்புவித்தேன். அவர் பாக்குச் சீவியபடியே, “அப்ப நம்மட மனுசன் இவ்வளவு நாளும் சுங்கத்துக்குத்தான் சாமான் குடுத்திரிக்கார்” என்றார்.

அடுத்த கிழமை முழுக்க ராத்தா கணவருக்குப் பழக்கம் கொடுத்தார். குளிசை தட்டுப்பாடான சாமான், பழகுவதற்கு வீணாக்க முடியாது. ஆகையால் கற்கண்டுத் துகள். இரவுச் சாப்பாடு முடிய நாக்குக்குக் கீழே ஒரு துகளை வைத்துவிட்டு, கரையும்வரை விழுங்கவும் கூடாது, கதைக்கவும் கூடாது என்று எதிரில் இருந்து காவல் பார்த்திருக்கிறார். முதல் மூன்று நாளும் காக்கா தோற்றார். விழுங்காமல் இருந்துவிடுவாராம், கதைக்காமல் இருக்கத்தான் ஏலாதாம். கதைக்கப் போனால் எச்சில் உள்ளே போய்விடும். எல்லாவற்றையும்விடப் பெரிய சண்டை வெற்றிலைக்குத்தான். வெற்றிலை வாயோடு குளிசை வைக்கக் கூடாது என்று ராத்தா சொல்ல, எல்லாம் ஒரே வாய்தானே என்று அவர் கேட்க, ராத்தா சொன்னதை அன்றே அட்டையில் எழுதினேன்: “வெத்திலயோட வெச்சுக் கடலுக்குத் துப்பினா, கொட்டியாரக் குடாவில மீனுக்குத்தான் நெஞ்சு நோ வராது. உங்களுக்கு வரும்.”

பிறகு ஒரு நாள் காக்கா கடைக்கு வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். மூதூர் ஜெட்டிப் படியில் நோ பிடித்திருக்கிறது. வெற்றிலையைத் துப்பிவிட்டுக் குளிசையை வைத்திருக்கிறார்.

“முதல்ல நாக்குக்குக் கீழ சுர்ரெண்டு எரிஞ்ச. பிறகு காதெல்லாம் சூடு. பிறகு தம்பி, நெஞ்சில ஏறி இருந்த ஆள் எழும்பிட்டார். கயிறு கட்டி முடியல்ல, அதுக்குள்ள! எழும்பினவர் சும்மா போகல்ல. மண்டையில ஏறி ரெண்டு குத்துக் குத்திட்டுத்தான் போனார். சரியான தலையிடி.”

தலையிடிக்கும், அது மருந்தின் குணம், பயப்பட வேண்டாம் என்று சொன்னேன். நாக்கின் கீழே எரிவும் தலையிடியும் வந்தால் மருந்துக்குப் பலம் இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றும் வராவிட்டால் மருந்து செத்துப்போயிற்று. இந்தக் குளிசை கண்ணாடிப் போத்தலுக்குள் இறுக்க மூடி இருந்தால்தான் இருக்கும், வெளியில் எடுத்து வைத்தாலும் வெயில் பட்டாலும் பலம் பறந்துவிடும். அதையும் சொன்னேன். அதையும் அவர் “ஓம் ஓம்” என்றார். நான் அந்த ‘ஓம் ஓம்’மைக் கவனித்திருக்க வேண்டும்.

சங்கதி இதுதான். சட்டைப் பையில் போத்தலோடு சுக்கானில் நின்றால், எஞ்சின் அதிர்வுக்குக் குளிசைகள் கிலுகிலு என்று ஆடும். குழந்தைப் பிள்ளையின் கிலுக்கைப் பையில் வைத்திருப்பது போல. இது என்ன சத்தம் என்று ஒருவர் கேட்டால் போதும், நெஞ்சு நோய்க்காரன் என்ற கதை கரை ஏறிவிடும். நெஞ்சு நோய்க்காரன் கையில் சுக்கானைக் கொடுக்க மாட்டார்கள். “சுக்கான விட்டா நான் கரையில என்ன செய்யிற? அவக்கு வெத்தில கழுவிக் குடுக்கவா?” என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கண் சிரிக்கவில்லை.

ஆகையால் போத்தலைக் கைவிட்டுவிட்டு, குளிசைகளைத் தன் வெற்றிலைத் தகரப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டார். லாஞ்சுக்காரர் தகரப்பெட்டியைத் திறந்து எதையோ வாயில் போடுவதை யார் கேட்கப் போகிறார்கள்? இதைவிட நல்ல மறைவிடம் திருகோணமலையில் இல்லை. சீவல் பாக்குக்கும் புகையிலைக்கும் நடுவில் அந்தச் சின்ன வெள்ளைகள் கிடந்ததை ஒருநாள் கண்டுவிட்டேன். கண்டதும் ராத்தாவிடம் சொன்னேன். “பாக்கிறன்” என்றார். அதன் பிறகு அவர்களுக்குள் என்ன கதை நடந்தது என்று எனக்குத் தெரியாது. காக்கா அடுத்த போத்தல் வாங்க வந்தபோது, “இனி எல்லாம் போத்தலிலதான்” என்று வாக்குக் கொடுத்தார். நான் நம்பினேன்.

இப்போது லாஞ்சுக்கு வருகிறேன்.

கச்சான் காற்று அடிக்கிற காலம். காற்றே அடுப்பு வாயிலிருந்து வருவது போல இருக்கும். மூதூர்க் கடை ஒன்றோடு கதைக்க வேண்டியிருந்ததால் அன்று நானே பொட்டலங்களோடு ஏறினேன். ராத்தா பாதி விற்ற கூடையோடு பின்பக்கம் இருந்தார். காக்கா சுக்கானில். டவுன் கோபுரங்கள் சின்னதாகி, மூதூர்த் தென்னைகள் இன்னும் கோடாகவே இருந்த நடு இடத்தில், காக்கா எஞ்சின் பார்க்கிறவரைக் கூப்பிட்டுச் சுக்கானைக் கொடுத்தார். அப்படி அவர் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. இரண்டு அடி நடந்து எஞ்சின் பெட்டியில் சாய்ந்து இருந்தார். முகம் சாம்பல். நெற்றியெல்லாம் வேர்வை.

மடியிலிருந்து தகரப்பெட்டியைத்தான் எடுத்தார்.

வெற்றிலையோடேயே ஒன்றை நாக்குக்குக் கீழே திணித்தார். பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் போயிற்று. இன்னொன்றை வைத்தார். அதற்கும் ஒன்றுமில்லை. என்னைப் பார்த்தார்.

“எரியல்ல தம்பி” என்றார். “ரெண்டும் எரியல்ல.”

அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கியது. குளிசைகள் செத்துப் பல நாள். அடுத்த உதவி மூதூரில் என்றால் முக்கால் மணித்தியாலம், திரும்பி டவுனுக்கு என்றாலும் அவ்வளவுதான். அந்த நேரம் அவரிடம் இருக்கவில்லை.

“தண்ணி தாங்க” என்றார். “விழுங்கிப் பாக்கிறன்.”

அவ்வளவுதான். லாஞ்சு முழுக்க எழும்பியது. தண்ணி குடு, சோடா இருக்கா, வேர்க்குது பார், தொண்டை காயுது, குடு குடு! அந்தச் சத்தத்தில் என் தலைக்குள் இருந்த தாள்கள் எல்லாம் பறந்துவிட்டன. கை தன்பாட்டில் சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து பிளேன்டியை ஊற்றியது. சாகப் போகிறவனுக்குத் தண்ணீர் கொடுப்பது எங்கள் எல்லோருடைய கையிலும் ஊறிய பழக்கம். படிப்பை அது முந்திவிட்டது.

அப்போதுதான் பின்பக்கமிருந்து கூடையை இழுத்துக்கொண்டு ஆட்களைப் பிளந்து ராத்தா வந்தார். ஒரு சொட்டுத் தண்ணியும் குடுக்கப்படாது என்று கத்தினார்.

“மாமி, மனுசன் தவிக்கிறார்!” என்றார் சுக்கானில் நின்றவர், அவர்களுக்கு மருமகன் முறை.

“அவர் தவிக்கிறது தண்ணிக்கில்ல மருமகன். நீ முன்னால பாத்து ஓட்டு.”

செவ்விளநீர்க்காரர் குனிந்து, இளநீரை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். ராத்தா அவர் கையை அப்படியே தள்ளினார். வேற்று ஆண் ஒருவரின் கையை அவர் தொட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. முழந்தாளில் இருந்து, சுட்டுவிரலைக் கணவரின் கன்னத்துக்குள் விட்டு, வெற்றிலைச் சக்கையை ஒரே வழியாய் வழித்து எடுத்தார். செத்த குளிசைகளின் மிச்சமும் அதோடு வந்தது. பிறகு என் கையிலிருந்த மூடியைப் பறித்தார். எனக்குத் திகைப்பாய் இருந்தது. இப்போதுதானே தண்ணீர் கூடாது என்றார்?

“கொப்புளிங்க. விழுங்கப்படாது. துப்புங்க” என்றார்.

பயத்தில் காய்ந்த வாயில் குளிசை கரையாது. ஈரம் வேண்டும், ஆனால் வயிற்றுக்கு அல்ல, வாய்க்கு. இதை நான் அவருக்குச் சொன்னதில்லை. எனக்கே அப்போது தெரியாது. காய்ந்த வாயில் வெற்றிலை பிடிக்காது என்பது தெரிந்த ஒருவர், அதிலிருந்து தானே எடுத்துக்கொண்டது அது.

காக்கா துப்பினார். ராத்தா கூடையைத் திறந்து, ஈரச் சாக்கை விலக்கி, வெற்றிலைகளுக்கு நடுவில் கையை விட்டார். அந்தக் கச்சான் வெயிலில், அந்த லாஞ்சு முழுவதிலும் குளிர்ச்சியான ஒரே இடம் அதுதான். அங்கிருந்து அந்தச் சின்னக் கபிலநிறப் போத்தல் வந்தது. மூடிக்கு மேல் மெழுகுச் சீலை சுற்றி நூலால் கட்டியிருந்தது. கணவர் புதுப் போத்தலைத் தகரப்பெட்டிக்கு மாற்றுமுன் அதில் பாதியை என்றைக்கோ பழைய போத்தலுக்கு எடுத்து, அவருக்கும் சொல்லாமல், எனக்கும் சொல்லாமல், ஒவ்வொரு நாளும் கூடையோடு கடல் தாண்டிக் கொண்டுவந்து கொண்டுபோயிருக்கிறார்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “நாக்க மடிங்க” என்றார். ஒன்றை வைத்தார். வைத்த கையாலேயே தாடையைக் கீழிருந்து தாங்கி மூடிப் பிடித்துக்கொண்டார். கதைக்கவும் விடவில்லை, விழுங்கவும் விடவில்லை. கற்கண்டில் பழக்கிய அதே பிடி.

“எரியுதா?”

காக்கா தலையை ஆட்டினார். எரிகிறது.

ராத்தா கணவரின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. காதைத்தான் பார்த்தார். சாம்பலாய் இருந்த காது மடலில் மெல்லச் சிவப்பு ஏறியது. நெஞ்சில் விரித்திருந்த கை தளர்ந்து மடியில் விழுந்தது. ராத்தா தாடையை விட்டார்.

“தல வெடிக்கிது” என்றார் காக்கா.

ராத்தா சிரித்தார். தலையிடிக்கிறது என்று ஒருவர் முனக அதைக் கேட்டு அப்படிச் சிரித்த ஒரு முகத்தை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை. பக்கத்தில் நின்ற செவ்விளநீர்க்காரர், இந்தப் பெண்ணுக்கு மூளை பிரண்டுவிட்டதோ என்று என்னைப் பார்த்தார். நானும் சிரித்துக்கொண்டிருந்ததைக் கண்டு பேசாமல் இளநீரைத் தானே குடித்தார்.

“மருமகன், திருப்பு. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்றார் ராத்தா.

சுக்கானில் நின்றவர் காக்காவைப் பார்த்தார். காக்கா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். வேண்டாம். பகல் வெளிச்சத்தில், சனத்தோடு, லாஞ்சு திரும்பிப் போய் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினால் பிறகு மறைக்க ஒன்றும் இல்லை. மனைவியின் கையிலிருந்த போத்தலைக் காட்டி, உள்ளே வை என்று விரலால் சைகை செய்தார். கூடையைக் காட்டினார். அந்தக் கண்ணில் இருந்த கெஞ்சலை அங்கிருந்த எல்லோரும் கண்டோம்.

ராத்தா எழுந்தார். தகரப்பெட்டியை எடுத்து, கடலுக்கு மேல் கவிழ்த்துத் தட்டினார். பாக்கும் புகையிலையும் வெள்ளைக் குளிசைகளும் போயின. வெறும் பெட்டியைக் கணவரின் மடியில் திரும்ப வைத்தார். பிறகு நேரே சுக்கானடிக்குப் போனார். அங்கே காற்றை மறிக்கும் கண்ணாடிக்குக் கீழே ஒரு பலகைத் தட்டு இருந்தது. அந்தக் கபிலநிறப் போத்தலை அதில், ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோருக்கும் தெரியத் தக்கதாக, நிமிர்த்தி வைத்தார்.

“இதப் பாத்துக்கொண்டு திருப்பு” என்றார்.

லாஞ்சு சாய்ந்து திரும்பியது. வெயில் மறுபக்கத்தால் உள்ளே வந்து தட்டில் விழுந்தது. இரண்டு அடி வந்துவிட்ட ராத்தா நின்று, திரும்பிப் போய், போத்தலை நிழல் பக்கத்துக்கு நகர்த்தி வைத்தார்.